படித்தவர்கள் பெண்கள், எழுதியவர்கள் ஆண்கள்: மாசெச்செலே காகெட்லாவும் செசோத்தோ எழுத்தின் நீண்ட தாமதமும்

தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்திருக்க, நடுவே தனி நாடாக நிற்கும் மலைப்பிரதேசம் லெசோத்தோ. அங்கே பள்ளிக்கூடம் போவதில் நெடுங்காலமாகப் பெண்பிள்ளைகளே முந்தி நின்றிருக்கிறார்கள். பையன்கள் சிறுவயதிலேயே ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். மீசை அரும்பும் வயதில் கிம்பர்லியின் வைரச் சுரங்கத்துக்கோ ஜோஹன்னஸ்பர்க்கின் தங்கச் சுரங்கத்துக்கோ கூலி வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டோடு தங்கிய பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுத்துக் கற்க வாய்த்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களைவிட அப்படித் தெரிந்த பெண்கள் அதிகம் என்ற நிலை ஆப்பிரிக்காவில் அபூர்வம். லெசோத்தோவில் அது தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது.

அந்த நாட்டு மொழியான செசோத்தோவில் முதல் செய்தித்தாள் 1863இல் வந்தது. முதல் நாவல் 1907இல் புத்தகமானது. ஒரு பெண் எழுதிய இலக்கிய நூல் அச்சேற 1950களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்த ஒரு மொழியில், பெண்ணின் பெயர் தாங்கிய புத்தகம் வர ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஏன் ஆயின? 'முதல் பெண் எழுத்தாளர்' என்று இன்று குறிப்பிடப்படும் மாசெச்செலே கரோலின் என்ட்செடிசெங் காகெட்லாவின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் அவர் செய்தது என்னவென்று விளங்கும். 'ஆசிரியராகவும் இருந்த எழுத்தாளர்' என்று அவரைப் பற்றிய குறிப்புகள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கின்றன. அந்த 'ஆகவும்' அவருக்குப் பொருந்தாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். செசோத்தோவில் ஆசிரியத் தொழில்தான் பெண்ணுக்கு எழுத்துக்குள் நுழையக் கிடைத்த ஒரே வாசல். அவர் அந்த வாசலில் நின்றுகொண்டே வாழ்நாள் முழுதும் வேலை செய்தார்.

அச்சகம் யார் கையில்?

1833இல் மூன்று பிரெஞ்சுக்காரர்கள், பாரிஸ் புராட்டஸ்டண்ட் மிஷனைச் சேர்ந்த அர்பூஸெ, காஸலிஸ், கொஸெலன், மன்னர் மொஷ்வேஷ்வேயின் அழைப்பின் பேரில் வந்து மொரிஜாவில் குடியேறினார்கள். மொரிஜா பிறகு அச்சகமும் புத்தகக் கிடங்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் கொண்ட ஊராயிற்று. 1863இல் அடோல்ஃப் மபீல் என்ற மிஷனரி 'லெசெடின்யானா லா லெசோத்தோ' என்ற இதழை அங்கே தொடங்கினார். ஆப்பிரிக்க மொழிகளில் வந்த மிகப் பழைய இதழ்களில் அதுவும் ஒன்று. லெசோத்தோவின் பசோத்தோ மக்களின் பழக்கவழக்கங்களையும் பழமொழிகளையும் அசாரியேலே செகெசே திரட்டி 1893இல் நூலாக்கினார். தாமஸ் மொஃபோலோவின் 'மொயெட்டி வா பொசபேலா' 1906இல் அந்த இதழில்தான் தொடராக வந்தது. 1910இல் செகுவெட்டேயின் நாவலும் 1921இல் மங்வாயெலா தொகுத்த மன்னர் புகழ்ப்பாடல்களும் வெளியாயின. மொஃபோலோவின் பெரும்படைப்பான 'சாக்கா' 1910 வாக்கிலேயே எழுதி முடிக்கப்பட்டும், மிஷனரிகளின் தயக்கத்தால் 1925இல்தான் வெளிச்சம் கண்டது.

இந்தப் பெயர்கள் அத்தனையும் ஆண்களுடையவை. ஆணாக இருந்ததைத் தவிர இன்னொரு பொதுத்தன்மையும் இவர்களுக்கு உண்டு. ஏறக்குறைய எல்லோரும் மொரிஜாவின் ஆட்கள். அங்கே படித்தவர்கள், அங்கே ஆசிரியராகவோ போதகராகவோ அச்சகத்திலோ வேலை பார்த்தவர்கள். மொஃபோலோ அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாவல் எழுதினார். எழுத்தாளராக ஆவதற்கு எழுதத் தெரிந்தால் போதாது, அச்சகத்தின் வராந்தாவில் நடமாடுகிறவராக இருக்க வேண்டும். மபீல் 1868இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஆண் ஆசிரியர்களை உருவாக்கத்தான் ஏற்பட்டது. பெண்களுக்கென்று மிஷன் நடத்திய பள்ளிகளில் தையலும் வீட்டுவேலையும் பாடத்தில் பெரிய இடம் பிடித்திருந்தன. கிறிஸ்தவ ஆசிரியருக்கும் போதகருக்கும் ஏற்ற மனைவியாக ஒரு பெண்ணைத் தயாரிப்பது மிஷன் பெண்கல்வியின் வெளிப்படையான நோக்கமாகவே இருந்தது. படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் படித்தவளுக்கு அச்சகத்தில் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு. பசோத்தோ வழக்கச் சட்டத்தில் பெண் எப்போதும் மைனர். தகப்பன், கணவன், மகன் என்று யாராவது ஒருவர் பொறுப்பில்தான் இருப்பாள். எனவே எழுதவும் முடியவில்லை என்பார்கள். 1903இல் தொகுக்கப்பட்ட, மன்னர் லெரொத்தோடியின் பெயரால் வழங்கும் சட்டங்கள் அந்த நிலையை எழுத்திலும் ஏற்றின. இந்தக் காரணத்தில் உண்மை உண்டு, ஆனால் இது பாதி உண்மைதான். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாலே போதும். எல்லைக்கு அப்பால் கோசா மொழியில் லிலித் ககாசாவின் கதைநூல் 1913இல் வந்துவிட்டது. நொன்ட்சிசி எம்கிக்வேத்தோ 1920களில் ஜோஹன்னஸ்பர்க் இதழ் ஒன்றில் ஆண் தலைவர்களைப் பெயர் சொல்லிச் சாடிக் கவிதைகள் வெளியிட்டார். விக்டோரியா ஸ்வார்ட்பூயின் 'உமன்டிசா' 1934இல் வெளியானது. ஒரு பெண் படித்து ஆசிரியையாவதைச் சொல்லும் கதை அது. சூலு மொழியில் வயலெட் டூபேயின் நூல் 1935இல் வந்தது. கோசா, சூலு சமூகங்களிலும் வழக்கச் சட்டம் பெண்ணை மைனராகத்தான் வைத்திருந்தது. ஆக, வழக்கச் சட்டம் மட்டும் செசோத்தோவின் தாமதத்தை விளக்காது.

வித்தியாசம் அச்சகங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோசா எழுத்தாளருக்கு லவ்டேல் மிஷன் அச்சகம் இருந்தது, அது ஒப்புக்கொள்ளாவிட்டால் நகரத்துச் செய்தித்தாள்களும் இருந்தன. எம்கிக்வேத்தோ எழுதியது மிஷன் இதழில் அல்ல. செசோத்தோவுக்கோ வெகுகாலம் மொரிஜாதான் எல்லாம். கத்தோலிக்கர்கள் தங்கள் இதழான 'மொயெலெட்சி வா பசோத்தோ'வைத் தொடங்கியது 1933இல். அச்சுக்குப் போகும் வழி ஒன்றே ஒன்றாக இருந்து, அதன் காவலர் எல்லோரும் ஆண்களாகவும் இருந்தால், வாசகர்களில் பெண்கள் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

கதை யாருடையது?

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'பெண்கள் எழுதவில்லை' என்பதை 'பெண்களிடம் இலக்கியம் இல்லை' என்று படித்துவிடக் கூடாது. பசோத்தோ நாட்டுப்புறக் கதைகளான டிட்ஷோமோ பெரும்பாலும் கிழவிகளின் சொத்து. இருட்டிய பிறகு அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார, 'இப்படிச் சொல்கிறார்கள்' என்ற பொருளில் வழக்கமான தொடக்க வாசகத்தைப் பாட்டி சொல்வாள். பிள்ளைகள் ஒரே குரலில் 'கொய்' என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் கதை நகரும். பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்பது நம்பிக்கை; வேலை நேரத்தில் கதை கேட்டு உட்கார்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். கேள்வி போட்டுப் பதில் வாங்கும் விடுகதைகளும், பெண்பிள்ளைகளின் பூசணிப்பாட்டுகளும், மண்டியிட்டுத் தோள் குலுக்கி ஆடும் மொக்ஹிபோ ஆட்டத்தின் பாட்டுகளும் பெண்கள் வசமே இருந்தன. பின்னாளில், சுரங்கத்துக்குப் போன ஆண்களைத் தொடர்ந்து எல்லை தாண்டிப் போன பெண்கள் சாராயக்கடைகளில் அக்கார்டியன் இசையோடு பாடிய ஃபாமோ பாட்டுகளில் தங்கள் வாழ்க்கையையே கதையாக்கினார்கள்.

இவற்றில் ஒரு பகுதி அச்சுக்கும் போனது. மிஷனரி எதுவார் ஷாகொட்டே 1908இல் பசோத்தோ கதைகளைப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அட்டையில் இருந்தது தொகுத்தவர் பெயர். கதையைக் காப்பாற்றி வைத்திருந்த பாட்டிமார்கள் எந்த நூலின் ஆசிரியர்களும் ஆகவில்லை. 'முதல் பெண் எழுத்தாளர்' என்ற பட்டத்தைக் காகெட்லாவுக்குக் கொடுக்கும்போது எனக்குச் சின்ன உறுத்தல் உண்டு. அவருக்கு அந்தப் பட்டம் தகும். ஆனால் அதைச் சொல்லும் வேகத்தில், அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அவர் அச்சுக்குக் கொண்டுவந்தது ஏற்கெனவே வளர்ந்திருந்த ஒரு பெண்மரபின் குரலை. 1990களில் வெளியான அவருடைய 'செடிபேலோ சா என்கோனோ' என்ற நூலின் தலைப்பிலேயே பாட்டி இருக்கிறாள்.

பெரேயாவிலிருந்து ஃபோர்ட் ஹேருக்கு

அவர் பிறந்தது 1918இல், பெரேயா மாவட்டத்தில். மேட்டுநிலம் உள்ள பகுதி அது. 1852இல் மொஷ்வேஷ்வேயின் படை பிரிட்டிஷ் படையைத் திருப்பி அனுப்பிய போர் அந்த மேட்டில்தான் நடந்தது. அவர் மொரிஜாவில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிறகு தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் நகரிலுள்ள ஃபோர்ட் ஹேர் கல்லூரிக்குப் போய் பி.ஏ. பட்டம் வாங்கினார். பட்டம் பெற்ற முதல் பசோத்தோ பெண்களில் ஒருவர் அவர்.

இந்தப் பயணத்தின் அருமை இன்றைக்குச் சட்டென்று புலப்படாது. அன்று பசுட்டோலாண்ட் என்று பெயர் கொண்டிருந்த அந்தப் பிரிட்டிஷ் காலனியில் பல்கலைக்கழகம் கிடையாது. ரோமாவில் கத்தோலிக்கர்கள் பயஸ் கல்லூரியைத் தொடங்கியதே 1945இல்தான். 1916இல் தொடங்கிய ஃபோர்ட் ஹேர்தான் தெற்கு ஆப்பிரிக்கக் கறுப்பின மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரே உயர்கல்வி நிலையம். மண்டேலாவும் செரெட்சே காமாவும் என்ட்சு மொகெலேயும் படித்த இடம். நாட்டின் எதிர்காலத் தலைவர்களாகப் போகும் இளைஞர்கள் மண்டிய அந்த வளாகத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுபான்மை. அங்கிருந்து திரும்பி வந்த ஒரு பெண்ணுக்குச் சொந்த நாட்டில் இருந்த தொழில் ஒன்றே: ஆசிரியை. தலைநகர் மசேருவில் பசுட்டோலாண்ட் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1946இல் பென்னெட் மகாலோ காகெட்லாவை மணந்தார்.

கணவரும் சாமானியர் அல்ல. 1947இல் மொஷ்வேஷ்வேயையும் மிஷனரிகளையும் பற்றிய நாடகத்தையும், 1951இல் 'மெயோகோ யா தாபோ' என்ற நாவலையும் எழுதியவர். 'மொலாபானி' என்ற அரசியல் இதழை நடத்தியவர். சுதந்திரத்துக்கு முந்தைய கட்சி அரசியலில் முன்னணியில் நின்றவர். 1970 ஜனவரியில் பிரதமர் லெயாபுவா ஜொனாத்தன் தேர்தல் முடிவை ரத்துசெய்து ஆட்சியைக் கைப்பற்றியதைப் பற்றி அவர் எழுதி 1971இல் லண்டனில் வெளியான நூலை இன்றும் வரலாற்றாய்வாளர்கள் எடுத்தாள்கிறார்கள். இந்தக் கணவரின் நிழல், மனைவியின் எழுத்து வாசிக்கப்படும் விதத்தின் மேல் கனமாக விழுந்திருக்கிறது. ஒரு காரணம் அரசியல். இன்னொன்று மிகச் சாதாரணமானது. செசோத்தோ புத்தகங்களின் அட்டையில் முழுப்பெயர் போடும் வழக்கம் குறைவு. கணவர் பி.எம். காகெட்லா, மனைவி என்.எம். காகெட்லா. இருவரும் நாடகம் எழுதினார்கள், இருவரும் கவிதை எழுதினார்கள், இருவர் தலைப்புகளிலும் 'மொசாடி', அதாவது பெண், வருகிறாள். பொருள் தெரியாத ஒருவர் பட்டியல் தயாரித்தால் ஒருவர் நூலை இன்னொருவர் கணக்கில் சேர்த்துவிடுவது மிகச் சுலபம். முதலெழுத்துகள் பெண் என்ற அடையாளத்தையும் மறைத்துவிட்டன. மொழி தெரிந்த மாணவர்களே எத்தனை பேர் 'என்.எம்.' ஓர் ஆண் என்று எண்ணிப் படித்திருப்பார்கள்!

'மாசெச்செலே' என்ற பெயர் இன்னொரு கதை. பசோத்தோ பெண் திருமணமானதும் பிறந்த வீட்டுப் பெயரை விட்டு, புகுந்த வீடு சூட்டும் 'இன்னாரின் தாய்' என்ற பெயருக்கு மாறுகிறாள். குழந்தை பிறக்கும் முன்பே, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிடுவதும் உண்டு. ஆகவே ஒரே எழுத்தாளர் கரோலினாகவும் என்ட்செடிசெங்காகவும் மாசெச்செலேயாகவும் என்.எம்.மாகவும் நான்கு இடங்களில் நான்கு பேராகக் கிடக்கிறார்.

நாடகத்தைத் தேர்ந்த பெண்

அவர் முதலில் வெளியிட்டது நாடகம்: 'மொசாடி யோ ஊ நெய்லெங் யேனா'. 'நீ தந்த அந்தப் பெண்' என்பது தலைப்பின் பொருள். மிஷன் பள்ளியில் படித்த யாருக்கும் இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். ஆதியாகமத்தில், விலக்கப்பட்ட கனியைத் தின்றது ஏன் என்று கேட்கப்பட்டதும் ஆதாம் பழியை ஏவாள் மேலும், அவளைக் கொடுத்த கடவுள் மேலும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடும் இடம் அது. செசோத்தோவில் அச்சாகும் முதல் பெண் நாடகத்துக்கு ஒரு பெண் வைத்த பெயர், ஆண் சொன்ன சாக்கு. மிஷன் அச்சகம் தந்த வேதாகம மொழியையே எடுத்து, மிஷன் கல்வி பெற்ற வாசகர் முன்னால் வைத்து, குற்றம் சாட்டப்பட்டவளின் பக்கம் அவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்கும் தலைப்பு இது.

நாடகத்தைத் தேர்ந்ததும் கவனிக்க வேண்டியது. செசோத்தோவில் நாவலுக்கு மொஃபோலோ என்ற பெரிய மலை நின்றிருந்தது. புகழ்ப்பாடல் மரபு அரசவைக்கும் போர்க்களத்துக்கும் உரிய ஆண்களின் உலகம். நாடகமோ இளம் வடிவம். அச்சான முதல் செசோத்தோ நாடகமான ட்வென்டிமேன் மொஃபோகெங்கின் 'செக்கோனா சா ஜ்வாலா' 1939இல்தான் வந்திருந்தது. இன்னார்தான் எழுதலாம் என்று எல்லை கட்டப்படாத வடிவம் ஒரு புதியவருக்குத் தோதானது. தவிர, வகுப்பறைக்கு நாடகம் மிகவும் ஒத்துவரும். பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு மாணவர்கள் உரக்கப் படிக்கலாம், ஆண்டு விழாவில் மேடையேற்றலாம். பாட்டி சொன்ன கதைக்குப் பிள்ளைகள் 'கொய்' என்று பதில் கொடுத்ததைப் போல, இங்கே மாணவர்கள் வாய்விட்டுப் பங்கெடுத்தார்கள். நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகிய ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1963இல் வெளியான கவிதைத் தொகுப்பின் பெயர் 'மன்ட்சோப்பா'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்முடிவுகளை முன்கூட்டிச் சொன்னதாகப் பசோத்தோ மக்கள் போற்றும் தீர்க்கதரிசினி அவர். செல்வாக்கு அதிகமானதால் மொஷ்வேஷ்வேயின் அவையைவிட்டு விலக நேர்ந்து, இன்றைய தென்னாப்பிரிக்கப் பக்கமுள்ள மொடர்போர்ட்டில் வாழ்ந்து 1906இல் மறைந்தவர். அங்குள்ள குகைக் கோயிலுக்கு இன்றும் மக்கள் போய்க் கும்பிடுகிறார்கள். மன்னர்களின் பெயர்களைப் பாடிப் பாடி நிறைந்த ஒரு கவிதை மரபில், நூலின் நெற்றியில் மன்னனைத் தள்ளிவைத்துவிட்டு வாக்குச் சொன்ன பெண்ணை ஏற்றினார் காகெட்லா. எனக்கு அவருடைய எல்லாச் செய்கைகளிலும் இதுவே தைரியமானதாகத் தோன்றுகிறது.

1970களில் 'க ஊ லோத்தா', 'பெலோ யா மொன்னா', 'ஹோ இஸ்வா க லெலொஹொனோலோ' என்று அடுத்தடுத்து நூல்கள் வந்தன. இவற்றில் முதலாவது, விடுகதை போடுகிறவர் எதிராளியை அழைக்கும் தொனியில் அமைந்த தலைப்பு. மறுபடி அடுப்பங்கரை மரபு.

பாடநூல் என்ற பிடி

இந்தப் புத்தகங்களை யார் வாங்கினார்கள்? செசோத்தோவில் புத்தகக்கடைக்குப் போய் நாவல் வாங்கிப் படிக்கும் பெரிய கூட்டம் எக்காலத்திலும் இருந்ததில்லை. விற்றவை பாடப்புத்தகங்கள். பாடத்திட்டத்தில் வைக்கப்பட்டால் நூல் ஆயிரக்கணக்கில் போகும், வைக்கப்படாவிட்டால் கிடங்கில் கிடக்கும். எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் செசோத்தோ பேசுவோர் லெசோத்தோவில் இருப்பவர்களைவிட அதிகம். 1953இன் பாண்டு கல்விச் சட்டத்துக்குப் பிறகு தென்னாப்பிரிக்க அரசு கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடநூல்களைப் பெருக்கியது. நோக்கம் அவர்களை உயரவிடாமல் வைப்பது. ஆனாலும் பாடநூல் சந்தை பெருகியது உண்மை. ஆஃப்ரிகானர் பதிப்பகங்கள் அதில் இறங்கின. அரசியல் வாடை அடிக்கும் எதுவும் பாடத்திட்டக் குழுவைத் தாண்டாது. கல்யாணம், மாமியார் வீடு, காதல், நகரத்துக்குப் போய்க் கெட்டுப்போன மகன் போன்ற கருப்பொருள்கள் தாண்டிவிடும்.

இங்கேதான் செசோத்தோ இலக்கியத்தைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு மனத்தடையைப் பார்க்கிறேன். ஆல்பர்ட் ஜெரார்ட் 1971இல் எழுதிய பரந்த வரலாறும் டேனியல் குனேனே 1989இல் மொஃபோலோவைப் பற்றி எழுதிய ஆழமான நூலும் இந்தத் துறையின் தூண்கள். இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகளின் வெளிச்சம் மொஃபோலோ தலைமுறை மேல் விழுந்த அளவு பிற்காலத்துப் பாடநூல் எழுத்தின் மேல் விழவில்லை. பள்ளிக்காக எழுதப்பட்டது என்றாலே தரம் குறைந்தது, குடும்பக் கதை என்றாலே சின்ன விஷயம் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சுரங்கத்துக்குப் போன கணவன் ஆண்டுக்கொருமுறை வரும் நாட்டில் கல்யாணம்தான் அரசியல். யார் நிலத்தை உழுவது, யார் பணத்தை வாங்குவது, யார் பிள்ளையின் பெயரை வைப்பது என்ற கேள்விகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தீர்மானமாயின. தணிக்கைக்காரர் 'இது பெண்கள் சமாச்சாரம்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய புத்தகத்தின் வழியாகவே அந்தக் கேள்விகள் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன.

சந்தைக்கு இன்னொரு முட்டுக்கட்டை எழுத்துமுறை. லெசோத்தோ இன்றுவரை பிரெஞ்சு மிஷனரிகள் வகுத்த பழைய எழுத்துக்கூட்டலையே வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா அதே மொழியை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறது. ஒரே நாவால் ஒரே மாதிரி உச்சரிக்கப்படும் சொல், எல்லையின் இந்தப் பக்கம் 'எல்' எழுத்திலும் அந்தப் பக்கம் 'டி' எழுத்திலும் தொடங்கும். 'பெலோ யா மொன்னா' என்ற தலைப்பின் நடுச்சொல்லே இரு நாட்டிலும் இரு விதமாக அச்சாகும். மசேருவில் அச்சிட்ட புத்தகத்தைப் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டேனில் உள்ள பள்ளியில் அப்படியே பாடமாக வைக்க முடியாது. திருத்தி மறுபடி அச்சுக்கோக்க வேண்டும். சிறிய மொழி ஒன்றின் எழுத்தாளர் தன் வாசகர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை இப்படி எழுத்துக்கூட்டலில் இழக்கிறார்.

பள்ளி கட்டியவர்

காகெட்லா எழுதியதோடு நிற்கவில்லை. மசேருவில் இகெட்செட்செங் தனியார் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 'உங்களுக்காக நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்பது அந்தப் பெயரின் பொருள். மிஷன்களின் கையிலேயே கல்வி இருந்த ஒரு நாட்டில், மிஷன் சாராத ஒரு பள்ளிக்கு அப்படிப் பெயர் வைப்பது ஒரு பிரகடனம். 1966 அக்டோபரில் சுதந்திரம் பெற்ற நாட்டின் பட்டத்து இளவரசர், இன்றைய மன்னர் மூன்றாம் லெட்சியே, 1968 முதல் 1972 வரை படித்தது இந்தப் பள்ளியில்தான்.

அதே காலத்துச் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டை 1941 முதல் 1960 வரை ஆண்டவர் 'மன்ட்செபோ' என்ற பெண். சிறுவனாக இருந்த பிற்கால மன்னர் இரண்டாம் மொஷ்வேஷ்வேக்காகப் பொறுப்பரசியாக இருந்தவர். பெண் ஆளக் கூடாது என்று கணவரின் சகோதரர் தொடுத்த வழக்கை வென்றே அவர் ஆட்சியில் நிலைத்தார். அவர் ஆட்சியிலும், அதற்குப் பின்னும், திருமணமான சாதாரணப் பெண் கணவன் சம்மதமில்லாமல் கடன் வாங்கவோ ஒப்பந்தம் செய்யவோ சட்டத்தில் இடமில்லை. திருமணமானவர்களின் சட்டத் தகுதிச் சட்டம் அந்த நிலையை மாற்றியது 2006இல். காகெட்லாவின் கணவர் 2000இலேயே மறைந்துவிட்டார். ஐம்பத்து நான்கு ஆண்டு இல்லறம் முழுவதும் ஆசிரியையாக, எழுத்தாளராக, பள்ளி நிறுவனராக அவர் வாழ்ந்த நாட்டின் சட்டம், மனைவி என்பவளை முழு வயது வந்தவளாகக் கருதவில்லை. பாரம்பரியத் தலைவர் பதவி மகளுக்கு வாரிசுரிமையாக வராது என்ற விதி இன்னும் பிடிவாதமானது. அவர் பிறந்த அதே பெரேயா மாவட்டத்தில் ஒரு தலைவரின் மகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2013இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காகெட்லா அதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், காலமாகியிருந்தார்.

அவருக்குப் பிறகு?

ஒரு முன்னோடியின் அருமையைப் பின்னால் வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அப்படி அளந்தால் காகெட்லாவுக்கு அநியாயம் நடக்கும். செசோத்தோவில் பெண் பெயர்கள் பிறகு வந்தன, ஆனால் வெள்ளமாக வரவில்லை. படித்த பெண்களில் பலர் ஆங்கிலத்துக்குப் போனார்கள். 1995இல் லெசோத்தோ பெண்கள் சொன்ன, எழுதிய கதைகளின் தொகுப்பான 'பசாடி!' ஆங்கிலத்தில் வெளியானது. பல்கலைக்கழக விடுதியில் துப்புரவு வேலை பார்த்த எம்போ என்துன்யா தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் வாய்மொழியாகச் சொல்ல, 1996இல் அது புத்தகமாகி உலகெங்கும் படிக்கப்பட்டது. நல்ல நூல்கள் இவை. ஆனால் லெசோத்தோப் பெண்ணின் குரலை உலகம் இவற்றின் வழியாகவே கேட்டுவிட்டு, அதற்கு நாற்பது ஆண்டு முன்பே செசோத்தோவிலேயே எழுதிக்கொண்டிருந்தவரைத் தேடாமல் விடுவது பெரிய குறை. மொஃபோலோவின் 'சாக்கா'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் உண்டு. காகெட்லாவின் நாடகங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இனி நடக்க வேண்டிய வேலை பெரியது, ஆனால் எட்டாதது அல்ல. கணவர் நூல்களையும் மனைவி நூல்களையும் முதல் பதிப்புகளை வைத்துப் பிரித்துச் சரியான பட்டியல் போட வேண்டும். இரு எழுத்துக்கூட்டலிலும் வந்த பதிப்புகளை ஒப்பிட்டு, எல்லை தாண்டும்போது எந்த வரிகள் போயின என்று பார்க்க வேண்டும். அவர் நூல்களைப் பள்ளியில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வகுப்பில் அந்த நாடகங்கள் எப்படிப் படிக்கப்பட்டன, எந்தக் காட்சியில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று அவர்களிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு முந்தைய காலத்துக்கு மொரிஜாவின் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அங்குள்ள 'லெசெடின்யானா'வின் பழைய இதழ்களில் வாசகர் கடிதங்களை ஒன்றுவிடாமல் புரட்டி, 'மா' என்று தொடங்கும் கையொப்பங்களைத் தேடத் தொடங்கலாம். கடிதம் எழுதிய பெண்கள் அகப்பட்டால், தொண்ணூறு ஆண்டு என்று மேலே நான் போட்ட கணக்கையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.